போகட்டாம்

அப்பா தானாகவேதான் போனாரா? ஊர்காவற்றுறையில் அம்மாவின் சட்டத்தரணி என்னிடம் இதைக் கேட்டு மூன்று கிழமையாகிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பி வந்தவள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் விவாகரத்துச் செய்யப்போகிறார்கள். அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது, அப்பாவுக்கு அறுபத்தெட்டு. கலியாணம் முடித்து முப்பத்தேழு வருடம். அதில் முப்பது வருடத்துக்கு மேல் அப்பா பதுளையில் கடை வைத்திருந்தார். பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து போவார். இடம்பெயர்ந்திருந்த காலம் போக, மற்ற எல்லா வருடமும் அம்மா சரவணையில் தன் சீதன வீட்டில் இருந்து பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், என்னை வளர்த்தார். நானும் கணவரும் மூன்று வயது மகளும் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பா கடையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துசேர்ந்தார். வந்த கிழமையே குசினியில் மா, சீனி, மிளகாய்த்தூள் போட்டிருந்த பேணிகளையெல்லாம் வரிசையாக அடுக்கி, உள்ளே என்ன இருக்கிறது, எப்போது வாங்கியது என்று துண்டு எழுதி ஒட்டினார்.

"கடை பூட்டியாச்சு, முதலாளி. இது குசினி" என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

பிறகு அம்மா வெளியே போகப் படலையைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நிற்பார். "எங்கை போறீர்? எத்தினை மணிக்கு வருவீர்?" சந்தேகத்தில் கேட்பதில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்பார். ஆனால் முப்பது வருடமாக அம்மாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

ஒருநாள் காலை அம்மா என்னிடம் விஷயத்தைச் சொன்னபோது, "வேற வேற அறையில இருந்தாப் போதாதே அம்மா?" என்று கேட்டேன்.

"பிரிஞ்சிருக்கிறது எனக்குப் புதுசோ பிள்ளை? அதைத்தானே இவ்வளவு காலமும் செய்தனான். இனி இந்த மனிசனுக்கு நான் மனிசியில்லை எண்டு ஆகவேணும்."

"அப்பா என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை. நல்ல மனிசன்தான். அதை நான் இல்லையெண்டனானே?"

அம்மா அப்பாவிடமும் நேராகவே சொன்னார். அப்பா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இருவருக்குமிடையில் பேச்சு நின்றது. என் மகள்தான் செய்தி கொண்டுபோனாள். "தாத்தாவைச் சாப்பிட வரட்டாம்." "அம்மம்மாவை மருந்து போடட்டாம்." அவளுக்கு அது பெரிய சந்தோசம், சொல்லி முடிக்க முதலே ஓடிவிடுவாள். பிள்ளையின் மனதுக்கு இது கூடாது, நிறுத்தவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நிறுத்தினால் அவர்களுக்கிடையில் இருந்த கடைசிப் பேச்சும் நின்றுவிடுமே என்று விட்டுவிட்டேன்.

அப்பா போன அன்று நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அம்மா மகளைக் கூப்பிட்டு, "தாத்தாவைக் குளிக்கப் போகட்டாம் எண்டு சொல்லு. பிறகு எனக்கு உடுப்புத் தோய்க்கக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக்கு ஓலை பொறுக்கப் போனார். மகள் விறாந்தைக்கு ஓடினாள்.

"தாத்தா, அம்மம்மா உங்களைப் போகட்டாம்."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "எங்கை?" என்று அப்பா கேட்பார், நான் இங்கிருந்தே சொல்லலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து, முன்பு பதுளைக்குக் கொண்டுபோன பையோடு குசினி வாசலில் நின்றார்.

"கொம்மா சொல்லிவிட்டது உனக்கும் கேட்டதோ பிள்ளை?"

"ஓமப்பா."

"உனக்கும் அதுதான் சரியெண்டு படுதோ?"

குளிக்கத்தான் சொன்னவா அப்பா. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? நான் சொல்லவில்லை. நாளைக்கு வீடு அமைதியாக இருக்கும் என்ற நினைப்பு அந்த நேரத்தில் வந்தது. வந்தது என்பதை மறைக்க எனக்கு ஏலாது. அப்பா தலையை ஆட்டினார், பேத்தியைக் கொஞ்சினார், பக்கத்து ஊரான சுருவிலுக்குப் போய்விட்டார். கனடாவில் இருக்கும் அவரின் தங்கை, என் மாமியின் வீடு அங்கே பூட்டிக் கிடந்தது.

அம்மா பின்வளவிலிருந்து வந்து அப்பாவின் வெறும் அறையைப் பார்த்தார். "தானாகவோ போனவர்?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். "கடைசியா எண்டாலும் என்ரை மனசை விளங்கியிருக்கிறார்" என்றார். அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. நன்றாக நித்திரை கொள்கிறார். கூடப் படிப்பித்தவர்களோடு சாட்டிக் கடற்கரைக்குக்கூடப் போய்வந்தார்.

சட்டத்தரணி சொல்கிறபடி, மனம் ஒத்துவரவில்லை என்பது விவாகரத்துக்குக் காரணமாகாதாம். ஒருவர் மற்றவரைக் கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போயிருக்கவேண்டுமாம். அப்பா போய் மூன்று மாதமாகிறது. அவர் தானாகவே போனதற்கு நான்தான் சாட்சி.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன். போன கிழமை பாதிச் சாப்பாட்டில் கேட்டார்: "கடதாசியில நான் விட்டிட்டுப் போனவன் எண்டோ எழுதுவினம்?"

"அப்பிடித்தான் எழுதவேணுமாம் அப்பா."

"பதுளையில அவ்வளவு வருசம் கிடந்தனான். அப்ப ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லையே."

"உண்மையைச் சொல்லுமன், அதில என்ன?" என்கிறார் என் கணவர். அப்பாவிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவார். அம்மாவிடம் சொன்னால், வீட்டை விட்டுத் துரத்தியவள் என்ற பெயர் தனக்கு வரக்கூடாது என்று அவரே போய் அழைத்து வருவார், பிறகு பழையபடி படலையடியில் அந்தக் கேள்வி. சொல்லாவிட்டால், கைவிட்டவர் என்ற சொல்லை அப்பாவின் பெயரோடு சேர்ப்பது சாட்சிக் கடதாசியில் நான் போடும் கையெழுத்துத்தான். மகளோ இன்றைக்கும் "தாத்தாவை வரட்டாமோ?" என்று அம்மம்மாவிடம் போய் நிற்கிறாள்.

இதை வாசிப்பவர்களில், பெற்றோர் வயதுபோன பிறகு பிரிந்ததைக் கண்டவர்கள் இருப்பீர்கள். வருகிற கிழமை நான் சட்டத்தரணியிடம் போகவேண்டும். அதற்கு முதல் இதை யாரிடம் சொல்ல வேண்டும், அப்பாவிடமா, அம்மாவிடமா? சொல்லத்தான் வேண்டுமா? என்னைத் திட்டி எழுதினாலும் பரவாயில்லை, உங்களுக்குப் பட்டதை எழுதுங்கள்.