அவிநாசிக்குப் போய்விட்ட கட்டில் கால்கள்

கல்யாணமாகிப் பத்து வருடங்களில் நானும் கணவரும் சேர்ந்து எடுத்த முதல் நீண்ட லீவு அது. தொண்ணூறுகளின் தொடக்கம், மே மாதம். அவருக்குப் போத்தனூரில் ரயில்வே வேலை, எனக்குப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. அவரோடு வேலை பார்த்த ஒருவருக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி ஒரு தோட்டத்து வீடு இருந்தது. ஆளில்லாமல் கிடந்த வீடு. “பத்து நாள் போய் இருந்துட்டு வாங்க. ஜன்னலைத் தொறந்து வெச்சா ஊட்டுக்கும் நல்லது” என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதல் இரண்டு நாட்கள் தூங்கினோம், வாய்க்காலில் குளித்தோம், மறுபடியும் தூங்கினோம். மூன்றாம் நாள் எனக்குக் கை பரபரத்தது. காய்கறி வாங்கப் போன வழியில், சத்தியமங்கலம் ரோட்டு வளைவில் ஒரு தகரக் கொட்டகை கண்ணில் பட்டது. வாசலில் பீங்கான் ஜாடிகள் வரிசையாக நின்றன. இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, நிலை, பாத்திரம் எல்லாம் வாங்கி வந்து விற்கிற பழைய சாமான் கடை.

கடைக்காரர் கோவை கோட்டைமேட்டிலிருந்து வந்து இங்கே கடை போட்ட பாய். ஐம்பது வயதிருக்கும். “பாருங்க தங்கச்சி, வாங்கோணும்னு இல்லீங்க” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ஒரு பித்தளைத் தாழ்ப்பாளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் தினமும் போனேன். ஓடாத சுவர்க் கடிகாரங்கள், குழாய் இல்லாத கிராமபோன், எனாமல் தட்டுகள், யாரென்று தெரியாத மாப்பிள்ளை பெண் போட்டோக்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தூசி தட்டி, இருந்த இடத்திலேயே வைப்பேன். என் கணவர் ஒரு ரயில்வே கைவிளக்கைக் கண்டுபிடித்து, “லீவு போட்டுட்டு வந்தாலும் விடமாட்டேங்குதே” என்று திருப்பி வைத்துவிட்டார்.

நான்காவது தடவை போனபோதுதான் அந்தக் கட்டிலைப் பார்த்தேன். பிரித்த நிலையில், சட்டங்களும் கால்களும் கயிற்றில் கட்டி, சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். தேக்கு. தலைமாட்டுப் பலகையில் எதிரெதிராக இரண்டு பறவைகள் செதுக்கியிருந்தன. அன்னம் என்றேன். வாத்து என்றார் கணவர். செதுக்கியவர் அன்னத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் நான் அதற்குமேல் வாதாடவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது புரண்டு படுத்தால் கத்துகிற இரும்புக் கட்டில். விலை கேட்டோம், கொஞ்சம் குறைக்கச் சொன்னோம், அவரும் கொஞ்சம் குறைத்தார். மறுநாள் காலை டெம்போவில் தோட்டத்து வீட்டுக்கே வந்து இறங்கியது. ஊருக்குப் போகும்வரை அதில் படுத்துக்கொள்ளலாம் என்று எங்களுக்கு ஆசை.

“இதுக்கு எதுக்கு ஆசாரி? நானே மாட்டிடறேன்” என்றார் கணவர். தலைமாட்டுப் பக்கம் இரண்டு கால்களும் அழகாக உட்கார்ந்தன. கால்மாட்டுப் பக்கம் சட்டத்தின் நாக்கு காலின் துளைக்குள் இறங்கவில்லை. திருப்பிப் போட்டார், எண்ணெய் தடவினார், சுத்தியலுக்கு அடியில் துணி வைத்துத் தட்டினார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் உளி வாங்கி வந்து நாக்கைச் செதுக்கப் போனபோது, நான் உளியைப் பிடுங்கி ஒளித்து வைத்தேன். அன்றைக்கு இருவரும் தரையில் பாய் விரித்து, ஒருவரோடொருவர் பேசாமல் படுத்தோம்.

விடிந்ததும் கடைக்குப் போய்ச் சொன்னேன். பாய் உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாலு கால்களையும் ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். கடைசிக் காலைத் தடவியதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தப்புப் பண்ணிப்போட்டேன் சார். பவானிப் பக்கம் ஒரே ஊட்டுல இருந்து ரெண்டு கட்டில் வந்துச்சுங்க. ஒண்ணு அவிநாசிக்குப் போய் இருபது நாளாச்சு. ரெண்டு காலு மாறிப்போச்சுங்க.”

என் கணவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “பார்த்தியா, நான் சரியாத்தான் மாட்டினேன்” என்று என்னைப் பார்த்தார். முந்தின நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பாயே டெம்போ ஏற்பாடு செய்தார். நாங்கள் முன்னால் உட்கார்ந்தோம். அவர் இரண்டு கால்களையும் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். நம்பியூர் வழியாக அவிநாசி போய்ச் சேரும்போது மணி பதினொன்று. கோயிலுக்குப் பின் தெருவில், புதிதாகக் கட்டிய வீடு. கதவைத் திறந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட இருக்கும். பாய் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவர் வாயில் கை வைத்துக்கொண்டார்.

“ஐயோ அம்மணி, பெயிண்ட் அடிச்சுப்போட்டனே!”

உள்ளே போய்ப் பார்த்தோம். கூடத்தில், கட்டில் முழுதும் பளபளவென்று பச்சை. கிளிப்பச்சை. “ஜன்னக் கம்பிக்கு வாங்குனது மிச்சம் இருந்துச்சுங்க. மரம் பாக்கறக்குப் பழசா இருந்துச்சா, புது ஊட்டுக்கு நல்லா இருக்கட்டும்னு அடிச்சேன்” என்றார் அந்த அம்மா. பாய் பச்சைச் சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். தேக்கின் மேல் எனாமல் பெயிண்ட்டைப் பார்த்த அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். முதுகில் ஆபரேஷன் ஆனவர். தாழ்வான கட்டிலிலிருந்து எழ முடியாது என்பதால்தான் இந்த உயரமான கட்டிலைத் தேடி வாங்கியிருக்கிறார்கள். எங்கள் சட்டம் துளைக்குள் போகவில்லை. அவர்களுடையது துளைக்குள் தொளதொளவென்று ஆடியிருக்கிறது. தேங்காய் நாரைத் திணித்து நிறுத்தியிருந்தார்கள்.

“கட்டில் ஆடுது, ஆடுதுன்னு நானும் தினமும் சொல்றனுங்க” என்றார் அவர். “கட்டில் ஆடல, நீங்கதான் பொரளறீங்கங்கறா இவ.”

என் கணவரும் பாயும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். நான் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்தேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும், “சாப்புடாமப் போறதாவது! உக்காருங்க கண்ணு” என்று அந்த அம்மா அரிசி-பருப்புச் சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டார். அரை மணி நேரத்தில் கால்கள் மாறின. எங்கள் கால்கள் பச்சையாக வாசலில் சாய்ந்திருந்தன. அவர்கள் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு கால்கள் மட்டும் தேக்கு நிறத்தில் நின்றன.

“படுத்துப் பாருங்க” என்றார் பாய். அந்த மனிதர் மெதுவாக உட்கார்ந்து, ஒருக்களித்து, மல்லாந்தார். ஒரு முறை புரண்டு பார்த்தார். “ஆடலைங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிடக் கூப்பிடப் போன அந்த அம்மா வாயில் விரலை வைத்தபடி திரும்பி வந்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். வாயைத் திறந்துகொண்டு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“ஆபரேஷன் ஆனதுக்குப் பொறவு பகல்ல ஒரு நாளும் தூங்குனதில்லீங்க” என்றார் அந்த அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. நாங்கள் நால்வரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, தட்டில் கரண்டி படாமல், சோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டோம். அப்பளத்தைக்கூட மெல்ல உடைத்தோம். பாய் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது அந்த அம்மா பெயிண்ட் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். “கொஞ்சம் கெடக்குதுங்க அம்மணி. உங்களுதையும் அடிச்சுக்கங்க, நாலு காலும் ஒண்ணாட்ட இருக்கும்.”

பாய் பதறிப்போய், “உங்க கட்டில்ல ரெண்டு காலு பெயிண்ட் இல்லாம நிக்குதுங்களே, அதுக்கு வேணுமுங்க” என்று டப்பாவை அவர் கையிலேயே திணித்தார். “அதுவுஞ் செரிதான்” என்று அந்த அம்மா உடனே பிரஷ்ஷைத் தேடப் போனார். அவர் கணவர் கட்டிலில் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

தோட்டத்து வீட்டில் இந்த முறை கட்டில் பத்தே நிமிடத்தில் நின்றது. மீதி நாட்களில் பச்சையைச் சுரண்ட உப்புத்தாள் வாங்கினோம். ஒரு காலை முடிப்பதற்குள் கணவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இன்னொன்றை ஊருக்குப் போய்ப் பார்க்கலாம் என்றார். போத்தனூர் வந்த பிறகு அவருக்கு அதைத் தொட மனம் வரவில்லை. எனக்கும்தான். வருகிறவர்கள் குனிந்து பார்த்து, “ஏன் ஒரு கால் மட்டும் பச்சை?” என்று கேட்பார்கள். அவர் அவிநாசிக் கதையை ஆரம்பிப்பார். நான் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள், அந்த மனிதர் தூங்கிப்போன இடத்துக்கு என் கணவர் வந்திருப்பார். அந்த இடத்தில் மட்டும் அவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.