கறுப்பாக வருகிற பிரிண்டர்

என் மகளின் பள்ளியில் எல்கேஜி பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதைவிடப் போட்டோ கேட்பதுதான் அதிகம். ஐடி கார்டுக்கு, பிறந்தநாள் பலகைக்கு, காய்கறி வேஷம் போட்ட நாளுக்கு. வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் மற்ற அம்மாக்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்ப்பேன். வானகரத்தில் எங்கள் பிளாட்டிலிருந்து பூந்தமல்லி ஸ்டுடியோவுக்குப் போய்வர, அந்த நெரிசலில் ஒரு சாயங்காலமே போய்விடும். அதனால்தான் வீட்டிலேயே போட்டோ போடும் குட்டி பிரிண்டர் ஒன்றை வாங்கினேன். வாங்குவதற்கு முன் இணையத்தில் இருந்த விமர்சனங்களை எல்லாம் படித்தேன். வாங்கிய பிறகு பயந்துபோய் மறுபடியும் படித்தேன்.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை அது. மறுநாள் பள்ளியில் ‘இந்த வார நட்சத்திரம்’ பலகையில் மகளின் படம் ஏற வேண்டும். படம் நன்றாக வந்தால் பிரிண்டர் வீட்டில் இருக்கும். இல்லாவிட்டால் சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப் போவார். எதற்கும் இருக்கட்டும் என்று, சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே, பிரிண்டரை வாங்கிய செயலியில் ‘திருப்பி எடுத்துக்கொள்ளவும்’ என்று பதிந்து வைத்திருந்தேன். காரணம்: அச்சுத் தரம் சரியில்லை.

என் கணவருக்கு ஐடி கம்பெனியில் மென்பொருளில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை. அங்கே சம்பளத்துக்குச் செய்வதை வீட்டில் இலவசமாகவே செய்வார். கைபேசியில் ஸ்டாப்வாட்சைத் திறந்துகொண்டு, “நிமிஷத்துக்கு ஒரு போட்டோன்னு பெட்டியில போட்டிருக்கான். பாத்துடலாம்” என்று உட்கார்ந்தார். கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அத்தை, அவருடைய அம்மா, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பிரிண்டருக்கு நேர் எதிரே அமர்ந்தார். காலையில் கைபேசியில் எடுத்த மகளின் படத்தை நான் பிரிண்டருக்கு அனுப்பினேன்.

இந்த பிரிண்டர் ஒரே மூச்சில் படத்தைத் தராது. தாள் வெளியே வந்து வந்து உள்ளே போகும். முதலில் மஞ்சள், அடுத்து சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியில் பளபளப்பு. இதை நான் படித்திருந்தேன். அத்தையிடம் சொல்ல மறந்துவிட்டேன். மஞ்சளோடு தாள் தலையை நீட்டியதும், “வந்துட்டு, வந்துட்டு!” என்று அத்தை பிடித்து இழுத்துவிட்டார். பிரிண்டர் முனகிக்கொண்டு சிவப்பு விளக்கைப் போட்டது.

“ஏ யாத்தீ, பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரில்லா இருக்கு!”

‘யார் இழுக்கச் சொன்னது’ என்பது தொண்டை வரை வந்தது. “பரவாயில்லை அத்தை” என்று வெளியே வந்தது. தாளைக் குப்பையில் போடப் போனேன்.

“பிள்ளை மொகத்தையா குப்பைத்தொட்டில போடப் போற?”

நான் பொறியியல் படித்தவள். இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் தாளை எடுத்து அலமாரியில், ரேஷன் கார்டுக்குக் கீழே பத்திரமாக வைத்தேன். இதற்குள் என் கணவர், பிழை மறுபடியும் வருகிறதா என்று உறுதிப்படுத்த, அடுத்த தாளைச் சிவப்பில் இழுத்துப் பார்த்தார். வந்தது. ஆரஞ்சு நிறப் பிள்ளையும் அலமாரிக்குப் போனாள்.

மூன்றாவது தடவை யாரையும் தொடவிடவில்லை. படம் முழுதாக வந்தது. நிமிஷத்தைத் தாண்டிவிட்டது என்றாலும், எங்கள் வீட்டில் எதுதான் சொன்ன நேரத்துக்கு நடக்கிறது? படம் துல்லியம்தான். கன்னத்தில் ஒட்டியிருந்த இட்லித் துணுக்குகூடத் தெரிந்தது.

அத்தை படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “கறுப்பாவுல்லா வருது. ஸ்டுடியோக்காரன் குடுத்த படத்துல எம்புட்டு வெளுப்பா இருந்தா!”

பழியை அத்தை மேல் போட மாட்டேன். அவர் சொல்வதற்கு முன்பே எனக்கும் அதுதான் தோன்றியது. எங்கள் வீட்டில் யாரும் வெளுப்பில்லை. மகள் அச்சாக என் நிறம். இருந்தும் நாங்கள் ஒரு மனதாக பிரிண்டரைச் சந்தேகித்தோம். கைபேசியில் வெளிச்சத்தைக் கூட்டி மறுபடியும் போட்டேன். இந்த முறை மூக்கைக் காணவில்லை. இடியாப்ப மாவு உருண்டையில் இரண்டு கண்களைப் பதித்த மாதிரி இருந்தது. குறைத்துப் போட்டேன். கூட்டிப் போட்டேன். கட்டில் மேல் விதவிதமான நிறத்தில் மகள்கள் சேர்ந்துகொண்டே போனார்கள்.

“இங்க பாரும்மா” என்றார் கணவர். “எது வரணும்னு மொதல்ல சொல்லு. அதுக்கப்புறம்தான் இது பாஸா ஃபெயிலான்னு நான் சொல்ல முடியும்.”

“நல்லா வரணும்.”

“நல்லான்னா?”

வாயைத் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன். மகள் கட்டிலோரம் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். தன் முகம் வர வர அம்மா உதட்டைப் பிதுக்கியதையும், வெளுத்தது வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததையும்.

“என்னம்மா தப்பு?” என்று கேட்டாள்.

கணவர் ஸ்டாப்வாட்சை நிறுத்தினார். நான் அந்த மூன்றாவது படத்தை எடுத்துக்கொண்டு, அவளைப் பால்கனிக்குக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்தினேன். படத்தை அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒரு இழைகூட மாறவில்லை. இட்லித் துணுக்கு மட்டும்தான் இப்போது இல்லை.

“ஒரு தப்பும் இல்ல. சரியா வந்திருக்கு” என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கித்தான் வந்தது. படத்தை அவளிடமே கொடுத்தேன். ஓடிப்போய்ப் பள்ளிப் பைக்குள் வைத்தாள்.

சாயங்காலம் கைபேசி அடித்தது. “யக்கா, ரிட்டன் பார்சல் கீதாமே. கேட்டாண்ட கீறேன்.”

“வேணாம் தம்பி, நாங்களே வச்சுக்கறோம்.”

“இன்னாக்கா நீ! அப்போ கேன்சல் போட்ருக்கா, இல்லாங்காட்டி நாளிக்கும் நான்தான் வரணும்.”

போட்டேன். செயலி காரணம் கேட்டது. ‘பிரச்சினை சரியாகிவிட்டது’ என்று இருந்ததைத் தொட்டேன். ஆசிரியை பார்த்து ஏதாவது சொல்வாரோ என்று அப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். படத்தை மட்டும் மாற்றவில்லை.

அத்தை பிரிண்டர் பக்கம் வந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

“என்னையும் ஒண்ணு எடுத்துப் போடு தாயி” என்றவர், பேத்தி பக்கத்தில் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். “எனக்கு மட்டும் கொஞ்சம் வெளுப்பாவே வை.”