பியூஸ் கட்டையைப் பையில் வைத்தவர்

2005-இல் மரக்காணம் உப்பளம் ஒன்றுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டப் போனேன். அதை மாட்டினால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். அங்கே தண்ணீர் இறைக்கிற மோட்டார்காரருக்கு உப்பில் வெளுத்த கால்கள், வலக்கையில் இரண்டே விரல். மோட்டாரைத் துடைக்கப் போனால்கூட, அதற்குக் கரண்ட் வராதபடி பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

டீ குடிக்கும்போது, பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். கம்ப்யூட்டர் ஒருநாள் மனுஷனைவிடப் புத்திசாலியாகி, நம் பேச்சைக் கேட்காமல் போய்விடுமாம்.

"அதெல்லாம் கை மீறுற மாதிரி தெரிஞ்சா நிறுத்திட மாட்டோமா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பழைய மோட்டார்லயும் ஆட்டோ இருந்துச்சுங்க. கரண்ட் இல்லாத நேரம், பெல்ட்டுல சிக்குன கோரையை எடுத்துட்டிருந்தேன். மோட்டார் சத்தம் கேட்டா கையை எடுத்துக்கலாம்னு நானும் நெனச்சேன்."

"அப்புறம்?"

"சத்தம் கேட்டப்பவே விரலு இல்லீங்க."

நான் எழுந்துபோய் அந்த ஆட்டோ ஸ்டார்ட்டரை மாட்டி முடித்தேன். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவர் அவர்தான், அந்த இரண்டு விரலால். அவர் ஏன் கொடுத்தார், நான் ஏன் வாங்கி மாட்டினேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.