நான்காவது செட் ஸ்பிரிங்

ஜீப்பின் முன் பம்பரில் ஏறி இரண்டு குதி குதித்துவிட்டு, கோர்னெல் முரேஷான் கீழே இறங்கிக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். வண்டி ஒரு முறை தாழ்ந்து எழுந்து அசையாமல் நிற்கிறது. "கேட்டியா? ஒரு சத்தம் இல்ல!" வாசலில் நிற்கும் மனைவி லுமினிட்சாவுக்குப் போன வருஷத்து ஸ்பிரிங்கிலும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. "ரொம்ப நல்லா இருக்கு. கடைய யாரு தொறக்கறது?" என்கிறாள்.

அப்புசேனி மலையடிவாரச் சிற்றூரில் கோர்னெலுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வயது ஐம்பத்து மூன்று. ஐந்து வருஷத்தில் வண்டிக்கு இது நான்காவது செட் ஸ்பிரிங், அதோடு குலுக்கலை அடக்கும் ஷாக். வீட்டிலிருந்து கடைக்கு ஒன்றரை கிலோமீட்டர் தார்ச்சாலை. வழியில் பள்ளிக்கூடத்தின் முன்னால் ஒரே ஒரு வேகத்தடை. அதை வெல்லத்தான் இத்தனை படையெடுப்பும் என்று ஊரில் பேச்சு.

ஒவ்வொரு செட்டுக்கும் வண்டி நாலு விரல் உயர்ந்தது. கடைசியில் ஷெட் வாசலில் வண்டியின் கூரை இடித்தது. வேறொருவராக இருந்தால் வண்டியை இறக்கியிருப்பார். கோர்னெல் ஷெட்டின் தரையைத் தோண்டினார். லுமினிட்சா ஏறுவதற்கென்று ஒரு ஆப்பிள் பெட்டி வந்து சேர்ந்தது. "கல்யாணத்தன்னிக்கு என்னைத் தூக்கிட்டு வாசப்படி தாண்டினே. இப்ப இதுக்குள்ள தூக்கி வையேன் பாப்போம்."

படிக்கிற கண்ணாடி வாங்க வந்த பாதிரியாரும் அவருடைய வண்டிப் பேச்சிலிருந்து தப்பவில்லை. "எண்ணெய் ஷாக்கு மலையேறினா சூடாகிச் சோர்ந்துரும் ஃபாதர். கேஸ் ஷாக்கு சோராது, பஞ்சு மாதிரி போகும்."

"சோர்ந்துபோனது என் கண்ணுப்பா."

மெக்கானிக் ஜெலு மட்டும் ஒரு தடவை எச்சரித்தான். "அண்ணே, இது அரை டன் ஏத்தறவங்களுக்கான ஸ்பிரிங்கு. வெறும் வண்டியில மடங்காது."

"நாளைக்கே பாரம் ஏத்த வேண்டி வந்தா?" என்றார் கோர்னெல். அதுவரை அந்த வண்டியில் ஏறிய பாரம் லுமினிட்சாவும் ஒரு மூட்டை முட்டைக்கோஸும்தான்.

மே மாதம் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. எட்டாம் நாள் பகலில், கால்நடை மருத்துவர் டோரினா முழங்கால் வரை சேற்றோடு கடைக்குள் நுழைந்தார். மலைமேல் தனியாக இருக்கும் சவேத்தாவின் ஒரே பசு, கன்று போட முடியாமல் காலையிலிருந்து துடிக்கிறது. டாக்டரின் கார் முதல் வளைவிலேயே புதைந்துவிட்டது.

"உங்க வண்டி மேல ஏறும்தானே?"

கடையில் இருந்த மூன்று பேரும் கோர்னெலையே பார்த்தார்கள்.

"ஏறும்... ஆனா புது ஷாக்கு, டாக்டரம்மா. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் பதமா ஓட்டணும்."

"சரி, அதுவரைக்கும் பசுவப் பொறுத்துக்கச் சொல்லிரவா?"

கோர்னெல் சாவியை எடுத்தார். ஐந்து வருஷமாகக் கடையில் உட்கார்ந்தபடியே ஏறி முடித்த மலை, இப்போது உண்மையிலேயே எதிரில் நின்றது.

வண்டி முயல்குட்டி மாதிரி துள்ளியது. டாக்டரின் தலை கூரையில் மூன்று தடவை மோதியது. "பஞ்சு மாதிரி போகும்னீங்களே, எந்த ஊர்ப் பஞ்சு இது?" கோர்னெல் அடுத்த துள்ளலில் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓடையைத் தாண்டிய ஏற்றத்தில் வண்டி நின்றேவிட்டது. இறங்கிப் பார்த்தால், பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங் மடங்கினால்தானே சக்கரம் தரையைத் தொடும்?

ஜெலு சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது. மனைவியையே செருப்பைத் தட்டிவிட்டு ஏறச் சொல்லும் அந்த மனிதர், ஓடையில் இறங்கிக் கற்களைத் தூக்கிவந்து, வண்டியின் பின்பக்கம் சலவை செய்து போட்டிருந்த விரிப்பின் மேல் போட ஆரம்பித்தார். டாக்டரும் கல் சுமந்தார். "நான் மாட்டுக்குப் பிரசவம் பாக்க வந்தேனா, வீடு கட்ட வந்தேனா?"

பின்பக்கம் மெல்ல அமுங்கியது. சக்கரம் மண்ணைப் பற்றியது. நான்காவது செட் ஸ்பிரிங் முதன்முறையாக வேலைக்கு வந்தது.

சவேத்தாவின் தொழுவத்தில், பின்னங்கால்கள் முதலில் வந்து கன்று மாட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் கயிறு கட்ட, கோர்னெலும் சவேத்தாவும் சேர்ந்து இழுத்தார்கள். வழவழவென்று வைக்கோலில் விழுந்த கன்று, ஒரு கணம் சும்மா கிடந்துவிட்டுத் தும்மியது. சவேத்தா அழுதுகொண்டே கோர்னெலுக்குப் பிளம் சாராயம் ஊற்றினாள். "உன் வண்டி நல்லாயிருக்கணும் தம்பி." அன்று ஷாக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கோர்னெலுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் தோன்றியது. ஜீப் ஷெட்டுக்குப் போகாமல், கூரை வரை அப்பிய சேற்றோடு, சதுக்கத்தைப் பார்த்தபடி கடை முன்னால் நின்றது. வாளியோடு வந்த லுமினிட்சாவை, "தொடாதே!" என்று விரட்டினார்.

வியாழக்கிழமை பட்டென்று தூறல் விழுந்தது. சதுக்கத்தில் இருந்தவர்கள் கடையோரங்களுக்கு ஓடி ஒதுங்கினார்கள். உள்ளே ஒரு அம்மாள் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படியே விட்டுவிட்டுக் கோர்னெல் மழைக்குள் ஓடினார். தார்ப்பாயை உதறி ஜீப்பின் மேல் விரித்து, ஒரு துளிச் சேறும் கரைந்துவிடாதபடி நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார்.