கரி லாரிக்குக் காவல்

சரக்கு லாரிக்குக் காவல் போகிறவன் கயிற்றைச் சந்தேகிக்க வேண்டும், கயிற்றைக் கட்டியவனைச் சந்தேகிக்க வேண்டும், நேரம் மிச்சமிருந்தால் தன் நிழலையும் சந்தேகிக்க வேண்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கில் எனக்கு வாய்த்தது அந்த வேலைதான். வெள்ளைக்காரன் ஓடியதும், அவன் ஆபீசில் கணக்கெழுதிய என் கிராணி உத்தியோகமும் கூடவே ஓடிவிட்டது. கெடாவிலிருந்து படகில் வந்திறங்கும் ராணுவ அரிசியை, கடற்கரையிலிருந்து ஆயர் ஈத்தாம் கிடங்கு வரை லாரியில் கூடப் போய் ஒப்படைக்க வேண்டும். எனக்கு முன்னால் காவலிருந்தவர், இரண்டு மூட்டை குறைந்ததற்காக அழைத்துப் போகப்பட்டவர், திரும்பவில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்றே அந்த மூன்றரை வருஷத்தை ஓட்டிய உங்களுக்கு, ஒரு மூட்டை அரிசியின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

விளக்குமாற்று அக்கா

பெட்ரோல் கிடைக்காததால் லாரி கரியில் ஓடியது. பின்பக்கம் ஒரு பெரிய கரி அடுப்பு. டத்தோ கிராமாட் ரோட்டைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கி நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து யாராவது கூர் சீவிய மூங்கில் குழாயை மூட்டையில் சொருகிவிட்டால் போதும், அரிசி குழாய் வழியே தானாக வழியும்.

ஒரு நாள் அப்படி யாரோ சொருகியதை நான் பார்க்கவில்லை. லாரி நகர்ந்து கொஞ்ச தூரம் போனபின் திரும்பினால், வழிநெடுக வெள்ளைக் கோடு. நம் தமிழ்ப் பெண்மணி ஒருத்தி விளக்குமாறும் முறமுமாகப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். குதித்து இறங்கி, "யார் அரிசி தெரியுமா இது?" என்று கத்தினேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"மேல இருக்கறது ஜப்பான்காரனோடது தம்பி. ரோட்டுல கெடக்குறது ரோட்டோடது லா. நீ போயி மேல இருக்கறதப் பாரு!"

என் முடிச்சு

அதற்குப் பிறகு யாரையும் நம்புவதில்லை என்று தீர்மானித்தேன். தார்ப்பாயை நானே இழுத்து மூடி, வேறு யாருக்கும் வராத ஒரு முடிச்சைப் போட்டேன். அதற்குள் என் தலைமயிர் ஒன்றையும் செருகி வைத்தேன். எவனாவது அவிழ்த்தால் மயிர் விழுந்துவிடும், எனக்குத் தெரிந்துவிடும். மூளை என்றால் அப்படி ஒரு மூளை!

கிடங்கில் பார்த்தால் முடிச்சு அப்படியே இருந்தது, மயிரும் இருந்தது, ஒரு மூட்டையைக் காணோம். ஜப்பான் சார்ஜன்ட் கன்னத்தில் நான்கு அறை விட்டு, தலைக்கு மேல் கல்லைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நிற்க வைத்தான். அடுத்த தடவை தலை இருக்காது என்று கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினான். எனக்கு வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த விரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கழுத்து கூசுகிறது. நான் கல்லோடு நிற்கையில் டிரைவர் வேலு அண்ணன் லாரிக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்தார்.

"முடிச்சு பத்திரமா இருக்கு தம்பி. அடிப்பலகையத்தான் காணோம்."

எடை சரி

வேறு பலகை போட்டு ஆணியடித்து இறுக்கினேன். ஏற்றும்போதும் இறக்கும்போதும் மூட்டை மூட்டையாக நிறுக்க வைத்தேன். ஒரு மாதம் எடை கொஞ்சம்கூடப் பிசகவில்லை. சார்ஜன்ட் ஒரு சிகரெட் கொடுத்தான். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. இந்த ஊரில், இந்தக் காலத்தில், எடை சரியாக இருப்பதாவது!

ஒரு நாள் மூட்டைக்குள் கையை விட்டேன். ஈரம். லாரி நிற்கும்போதெல்லாம், "தம்பி, அடுப்புக் காத்தாடியக் கொஞ்சம் சுத்துங்க" என்பார் வேலு அண்ணன். நான் புகையில் கண் எரியச் சுற்றுவேன். அவர் ரேடியேட்டருக்கு வைத்திருக்கும் தண்ணீர் டின்னோடு, "கயித்தப் பாத்துட்டு வரேன்" என்று அந்தப் பக்கம் போவார். எடுத்த அரிசிக்கு ஈடாகத் தண்ணீர்! பூசணம் பிடித்தால் என் தலை போகும். சொன்னால் அவர் தலை போகும். சொல்லிவிடுவது என்றே முடிவு செய்து வீட்டுக்குப் போனேன்.

மனைவி கஞ்சி ஊற்றினாள். மரவள்ளித் துண்டுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக அரிசி. "ஏது?" என்றேன். ஒரு மாதமாக டிரைவர் சம்சாரம் தினம் ஒரு பிடி கொடுத்தனுப்புகிறாளாம். ஊரையே சந்தேகப்பட்ட நான், ஒரு மாதமாக என் தட்டைப் பார்க்காமலே தின்றிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார்கள். நானும் குடித்தேன்.

மறுநாள் கிடங்கில், பூசணம் பிடிக்குமுன் பட்டாளத்துக்கு முதலில் வெளியே போகட்டும் என்று, ஈர மூட்டைகளை நானே கதவோரமாக அடுக்கினேன். வேலு அண்ணன் பக்கத்தில் வந்து நின்று மெல்லக் கேட்டார்.

"நேத்துக் கஞ்சி எப்படி தம்பி இருந்துச்சு?"

திருடனைப் பிடிக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டு அடுப்பை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவது, கழுத்துக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.