எங்கே என்று கேட்காமல் கொடுத்த வான்

மன்னாரில் எங்களிடம் வாடகைக்கு விடும் வான்கள் இரண்டு இருந்தன. ஆள் வந்தால் என் மனுசன் லைசென்ஸ் பார்ப்பார், டயரை உதைத்துப் பார்ப்பார், சாவியைக் கொடுப்பார். எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டார். புறப்படுகிறவனிடம் அப்படிக் கேட்டால் போகிற காரியம் உருப்படாது. சைவக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர் என்றில்லாமல் ஊருக்கே தெரிந்த விஷயம் இது.

ஒரு காலை அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு இரண்டு பேர் வந்தார்கள். கலியாண வீட்டுக்காரர் என்று நினைத்து நான் தேத்தண்ணீர் வேறு கொடுத்தேன். அன்று பின்னேரம் கூட்டமொன்றில் ஓர் அரசியல்வாதியைச் சுட்டுவிட்டு, எங்கள் வானை அங்கேயே விட்டு ஓடிவிட்டார்கள். செத்தவருக்கு வோட்டுப் போட்டவர் என் மனுசன். அதை யாரிடம் போய்ச் சொல்வது? இருட்டமுன்னரே இராணுவ ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. மாதக்கணக்கில் அடைத்து வைத்து, பிறகு ஒன்றுமில்லை என்று விட்டார்கள். விட்ட பிறகும் வாசலில் ஆட்கள் வந்து வந்து போக, நாங்கள் கனடாவுக்கு, மொன்றியல் நகரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்துகொண்டு அகதி விசாரணைக்குப் போனோம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“கொலை பண்ணப் போறவங்ககிட்ட எங்க போறீங்கன்னு ஏன் கேக்கலைன்னு கேக்குறாங்க,” என்றாள் மொழிபெயர்க்க வந்த சென்னைப் பெண்.

“வெளிக்கிடேக்க அப்பிடிக் கேக்கக்கூடாதெல்லோ,” என்றார் இவர்.

அது பிரெஞ்சில் போய்ச் சேர்ந்ததும் விசாரித்த அதிகாரி அம்மாவின் புருவம் ஏறியது. சொந்த வாகனத்தை யாராவது கேட்காமல் கொடுப்பார்களா, கொலைக்கு இவரும் உடந்தையோ என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னைப் பெண்ணுக்கும் இந்த வழக்கம் தெரியும், முகமே சொன்னது. ஆனால் சொல்வதை மொழிமாற்றிச் சொல்ல மட்டுந்தான் அவளுக்கு அனுமதி.

பிறகு என்னிடம் திரும்பினார்கள். வீட்டுக்காரர் வெளியே போகும்போது நீங்களாவது கேட்பீர்களா?

“கலியாணம் கட்டின நாளிலயிருந்து கேட்டதில்லை. வந்த பிறகு எங்க போனனீங்கள் எண்டு குடைஞ்செடுப்பன்.”

அதிகாரி அம்மா சிரித்தார். பிறகு மெதுவாக, ஜீப் வந்த அன்றைக்கும் கேட்கவில்லையா, என்றார்.

“அண்டைக்கும் கேக்கேல்லை.”

அன்று வீட்டுப் படலையடியில் ஜீப் நின்றது. கேள்வி வாய்வரைக்கும் வந்தது. கேட்டால் இவர் திரும்பி வரமாட்டாரோ என்ற பயத்தில் வாயைப் பொத்திக்கொண்டேன். கேட்காததால் எந்த முகாம் என்று தெரியாமல், வெயிலிலும் மழையிலும் முகாம் முகாமாகப் போய் வாசலில் நின்றேன். இதைச் சொல்லி முடிக்கமுன்னர் அழுதுவிட்டேன். சென்னைப் பெண் பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்.

முடிவை அன்றைக்கே சொன்னார்கள். இந்த நாட்டில் இருக்கலாம்.

திரும்பும்போது மெத்ரோ ரயிலில் இவர் என்னைப் பார்த்தார். “நீர் கேட்டும் அவங்கள் சொல்லேல்லை எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். ஒரு சொல் கேட்டிருக்கலாமேயப்பா,” என்றார்.

“கேட்டிருந்தா, இப்ப எனக்குப் பக்கத்தில இருந்து இப்பிடிக் கதைச்சிருப்பியளோ?” என்றேன்.