பரிமளா விற்க மறுத்த இயர்போன்

பரிமளா இறந்த செய்தி எனக்கு இயர்போனில்தான் வந்தது. களம்பூர் பேருந்தில் என் பழைய வகுப்புப் பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதிவு நின்று அழைப்பு வந்தது. அவருடைய தங்கை. "மேடம், அக்கா பூட்டாங்க. காலைல நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர் வைத்திருந்த செல்போன் கடை உங்களில் பலருக்குத் தெரியும். கல்லூரியில் வரலாறு நடத்தும் நான், இணையவழி வகுப்புகளுக்காக அங்கே மலிவான இயர்போன் ஒன்று வாங்கினேன். தகர டப்பாவுக்குள் யாரோ பேசுவதுபோல் இருந்தது. மறுநாளே திருப்பிக் கொடுக்கப் போனேன். விலை கூடியதைத் தலையில் கட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெட்டியைக் கவிழ்த்து, நான் பிரிக்காமலே விட்டிருந்த ரப்பர் மூடிகளை எடுத்தார்.

"மூணு சைஸ் குடுத்துக்கீறான். யாருனா போட்டுப் பாக்கறீங்களா? காது அடையலன்னா அடி சத்தம் எல்லாம் வெளிய பூடும் மேடம்."

"ரெண்டு காதும் ஒரே அளவுதானே?"

"செருப்பு ஒரு கால மட்டும் கடிக்குதில்ல? அந்த மாதிரிதான்."

வலப்பக்கத்துக்கு நடுத்தரம், இடப்பக்கத்துக்குப் பெரியது. இடது அப்போதும் தளர்வாக இருந்ததால், ரப்பரைக் கழற்றி, உள்ளே இருந்த சிறு குழாயில், தறியில் மிஞ்சிய கழிவுப் பட்டு நூலை இரண்டு சுற்று சுற்றி மறுபடி மாட்டினார். நான் எளிதில் நம்புகிறவள் அல்ல. வீட்டில் மூன்று அளவையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அதே இயர்போனில் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த அடி நாதம் முதல் முறையாகக் கேட்டது.

அவரிடம் அதிகம் வந்தவர்கள் முள்ளிப்பட்டு நெசவாளர்கள். தறியின் சத்தம் மாறினால் தெரிய வேண்டும் என்று ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வார்கள். அந்தப் பக்கம்தான் அழுக்கு அடைக்கும். "ஒரு சைடு பூட்ச்சி, புதுசு குடு" என்று வருவார்கள். பரிமளா ரப்பரைக் கழற்றி, ஒலி வரும் துளையின் சிறு வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த பல் பிரஷ்ஷால் துடைப்பார். பிறகு, "காத மாத்தி மாட்டிப் பாரு. பழிய அப்புறம் போடு" என்பார்.

போன ஆண்டு ஒரு காலையில் எனக்கும் இடப்பக்கம் மங்கியது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, புதிதாக ஒன்று கேட்டேன். துடைத்தார், சரியாகவில்லை. இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாட்டச் சொன்னார்.

"இப்ப எந்தப் பக்கம் கம்மி?"

"இடது காதுதான்."

வேறொன்றைப் பிரித்துக் கொடுத்தார். அதிலும் இடது காதுதான். அவர் முகம் மாறியது. "செட்டு நல்லாத்தான் கீது மேடம். உங்களுக்கு விக்க மாட்டேன். காது டாக்டர்கிட்ட போங்க, இன்னிக்கே."

"சளியா இருக்கும். கிளாஸ் இருக்கு."

"கிளாஸ் நாளைக்கும் இருக்கும். காது இருக்குமா? ஜல்தி கெளம்புங்க!" கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து என்னை வேலூர் பேருந்தில் ஏற்றிவிட்டார்.

காது நரம்பில் பாதிப்பு என்றார் மருத்துவர். தாமதித்திருந்தால் கேட்கும் திறன் திரும்பாமலே போயிருக்கலாம் என்றார். சில வாரங்களில் பெரும்பகுதி திரும்பியது.

நன்றி சொல்லப் போனேன். அந்தச் சொல் எனக்கு எளிதில் வராது. பதிலாக இன்னொரு இயர்போன் கேட்டேன். "வூட்ல ஒண்ணு கீதே, அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று சிரித்தார். அதையும் விற்கவில்லை.

பழையது இன்னும் என்னிடம் இருக்கிறது. இடப்பக்கத்தில் அவர் சுற்றிய அரக்கு நிறப் பட்டு நூல் அவிழவில்லை. எதையும் குறை சொல்லும் முன் மாற்றி மாட்டிப் பார்க்கும் பழக்கமும் அவர் கொடுத்ததுதான். அன்று பேருந்தில் அவர் தங்கையின் குரலை இடது காதிலும் கேட்டேன்.